வலைக்கண்ணில் தப்பும் சுழிகள்: கணினியில் காற்றோட்டத்தைக் கணிப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே இன்னும் ஓலை வேலிதான். அதில் ஒரு பொட்டு உண்டு. கறிச்சட்டி முதல் கலியாணச் செய்தி வரை எல்லாம் அதனூடாகத்தான் வந்துபோகும். சென்ற மாதம் ஒரு மாலையில் அந்தப் பொட்டினூடாக மடிக்கணினியை அணைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தங்கை வந்தாள். பொறியியல் இறுதியாண்டு மாணவி. கனச்சதுர வடிவான ஒரு கட்டடத்தைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று கணினியில் கணித்து, காற்றுச் சுரங்கத்தில் ஏற்கெனவே அளந்து வெளியிட்ட தரவுகளோடு ஒப்பிடுவது அவளுடைய ஆய்வு. முகம் வாடியிருந்தது.

“அண்ணா, பெரிய மெஷ்ஷில் பரிசோதனையோடு அப்படியே பொருந்தியது. மெஷ்ஷை இன்னும் சிறிதாக்கினேன். இப்போது பொருந்தவில்லை. எங்கே பிழை விட்டேன்?”

மெஷ் என்றால், கணிப்பதற்காகக் காற்று ஓடும் வெளியைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் பின்னல்; அதைச் சிறிதாக்குவது என்றால் அந்த அறைகளைச் சிறிதாக்குவது. அவள் எங்கும் பிழை விடவில்லை. ஆனால் அதை இரண்டு வசனங்களில் சொல்லிப் புரியவைக்க முடியாது. “மெஷ் சிறிதானால் விடை சரியாகும்” என்று ஒருவர் சொல்வார். “இந்தக் கொந்தளிப்பு மாதிரியுரு நல்லது, அது கூடாது” என்று இன்னொருவர் சொல்வார். (கணக்கில் பிடிபடாத காற்றுச் சுழிகளை மதிப்பிடும் விதியே கொந்தளிப்பு மாதிரியுரு.) மெஷ் ஒரு கடையில் வாங்குவது, மாதிரியுரு வேறொரு கடையில் வாங்குவது என்பது போலப் பேசிக்கொள்கிறோம். உண்மையில் ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். அன்று அவளுக்குச் சொன்னதை, இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக அடியிலிருந்து எழுதுகிறேன்.

பாத்தி கட்டிக் கணக்கு வைப்பது

ஓடக்கூடிய எதுவும், நீரோ காற்றோ எண்ணெயோ, பாயி எனப்படும். பாயி எப்படி ஓடும் என்பதைச் சொல்லும் சமன்பாடுகளை 1822இல் பிரான்ஸின் நேவியரும் 1845இல் ஸ்டோக்ஸும் எழுதினார்கள். சமன்பாடுகள் கையில் இருக்கின்றன; ஆனால் எல்லா நிலைமைக்கும் பொருந்தும் தீர்வு கையில் இல்லை. அந்தச் சமன்பாடுகளுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் ஒழுங்கான தீர்வு இருக்குமா என்பதே இன்னும் நிறுவப்படவில்லை. அதை நிறுவுபவருக்கோ மறுத்துக் காட்டுபவருக்கோ 10 இலட்சம் டொலர் தருவதாக 2000ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவகம் அறிவித்தது. பரிசு இன்னும் அப்படியே கிடக்கிறது.

ஆகவே பொறியியலாளர்கள் தோட்டக்காரர் வழியைப் பிடித்தார்கள். செம்மண்ணில் வெங்காயம் வைப்பவர் தோட்டம் முழுவதற்கும் ஒரே தடவையில் நீர்க்கணக்குப் பார்ப்பதில்லை. வரம்பு போட்டுப் பாத்தி பாத்தியாகப் பிரிக்கிறார். ஒரு பாத்திக்குள் எவ்வளவு நீர் வந்தது, அடுத்த பாத்திக்கு எவ்வளவு போனது, எவ்வளவு தங்கியது என்று பார்த்தால் போதும். கணினியும் இதைத்தான் செய்கிறது. காற்று ஓடும் வெளியை இலட்சக்கணக்கான சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையின் சுவர்களூடாகவும் எவ்வளவு திணிவு, எவ்வளவு உந்தம் வந்துபோகிறது என்று வரவு செலவு எழுதுகிறது. இந்தத் துறைக்குக் கணிப்பியப் பாயி இயக்கவியல் என்று பெயர். மாணவர்கள் சி.எஃப்.டி. என்பார்கள்.

அறைகள் எல்லாம் சேர்ந்த பின்னல்தான் மெஷ். தமிழில் வலை என்றே சொல்லலாம். ஓர் அறையைக் கண் என்று சொல்லலாம். வலைக்கண் என்ற சொல் நம் கரையோரங்களில் ஏற்கெனவே இருப்பதுதான். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கண்ணுக்குள் வேகத்துக்கு ஒரே ஒரு பெறுமானம், அமுக்கத்துக்கு ஒரே ஒரு பெறுமானம். அந்தக் கண்ணுக்குள்ளே காற்று எத்தனை தடவை சுழன்றாலும் கணினிக்குத் தெரிவது அந்த ஒற்றை எண் மட்டுமே.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். சமன்பாட்டை நேரே தீர்க்க முடியாததால் வெளியைக் கண்களாகப் பிரித்து வரவு செலவு பார்க்கிறோம். கண்ணைவிடச் சிறிய எதுவும் கணக்கில் ஏறாது.

ஊதுபத்திப் புகையும் கரைவலையும்

சாமியறையில் ஊதுபத்தி கொளுத்தி, கதவை மூடிவிட்டுப் பாருங்கள். புகை முதலில் நூல் பிடித்ததுபோல் நேராக எழும். சற்று உயரம் போனதும் நடுங்கும், வளையும், பிறகு சுருள் சுருளாகக் கலைந்துவிடும். கீழே இருப்பது ஒழுங்கான ஓட்டம். மேலே இருப்பது கொந்தளிப்பு. 1883இல் மன்செஸ்டரில் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாயம் விட்டு இதே மாற்றத்தைக் கண்டார். வேகம், குழாயின் அகலம், பாயியின் பிசுக்குமை ஆகியவற்றைச் சேர்த்து அவர் அமைத்த விகிதம் இன்று ரெனோல்ட்ஸ் எண் எனப்படுகிறது. பிசுக்குமை என்பது பாயி தன் உள்ளோட்டத்தைத் தானே இழுத்துப் பிடிக்கும் குணம். தேனுக்கு அதிகம், நீருக்குக் குறைவு. சாதாரணக் குழாயில் ரெனோல்ட்ஸ் எண் 2300ஐ அண்மிக்கும்போது ஒழுங்கு குலையத் தொடங்கலாம். நம் வீட்டைச் சுற்றி வீசும் சோளகக் காற்றுக்கு இந்த எண் இலட்சங்களில் இருக்கும். அதனால் அது எப்போதும் கொந்தளிப்புத்தான்.

கொந்தளிப்பில் ஒரே அளவான சுழிகள் இருப்பதில்லை. பெரிய சுழி உடைந்து சிறிய சுழிகளுக்குச் சக்தியைக் கொடுக்கும், அவை உடைந்து இன்னும் சிறியவற்றுக்குக் கொடுக்கும், கடைசியில் பிசுக்குமை அவற்றைத் தின்று வெப்பமாக்கிவிடும். இந்தச் சங்கிலியை 1922இல் ரிச்சட்சன் விவரித்தார். மிகச் சிறிய சுழி எவ்வளவு சிறியதாக இருக்கும் என்பதை 1941இல் ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மொகொரோவ் கணித்தார். அவருடைய கணக்கின்படி, பெரிய சுழிகளின் ரெனோல்ட்ஸ் எண் 10 இலட்சமாக இருந்தால், எல்லாச் சுழிகளையும் பிடிக்க ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கண்கள் தேவை. தங்கையின் மடிக்கணினியில் இருந்தது 5 இலட்சம்.

இங்கேதான் கரைவலை நினைவுக்கு வர வேண்டும். பெரிய கண் வலையை இழுத்தால் பாரை அகப்படும், நெத்தலி தப்பிவிடும். நம் கணினி வலையிலும் சிறு சுழிகள் தப்பிவிடுகின்றன. தப்பிய நெத்தலி கடலில் இல்லாமல் போய்விடுமா? அது பெரிய மீனுக்கு இரையாக இருந்து அதன் வாழ்வையும் நடத்திக்கொண்டுதான் இருக்கும். அதுபோலத் தப்பிய சுழிகளும் பெரிய ஓட்டத்தைக் கலக்கிக்கொண்டும் அதன் சக்தியை உறிஞ்சிக்கொண்டும் இருக்கின்றன. அவற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால் விடை பிழைக்கும்.

தப்பியவற்றுக்கு ஒரு மதிப்பீடு

பிடிபடாத சுழிகள் ஓட்டத்தை எவ்வளவு கலக்கும் என்று மதிப்பிட்டுச் சேர்க்கும் விதியே கொந்தளிப்பு மாதிரியுரு. அதில் பெரும்பாலானவை ஒரு பழைய கருத்தின்மேல் நிற்கின்றன. 1877இல் பூசினெஸ்க் சொன்னது: சிறு சுழிகளின் கலக்கலை, பாயிக்குக் கூடுதலாக வந்துவிட்ட ஒரு பிசுக்குமைபோல் கருதலாம். இதைச் சுழிப் பிசுக்குமை என்போம். அது பாயியின் உண்மைக் குணம் அல்ல. தப்பிய சுழிகளுக்காக நாம் போடும் பதிலீடு. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் முடிச்சை அவிழ்க்கப் போகிறது.

மாதிரியுருக்களில் இரண்டு குடும்பங்களை அறிந்தால் போதும். முதலாவது ரான்ஸ். 1895இல் ரெனோல்ட்ஸ் காட்டிய வழியில் ஓட்டத்தின் சராசரியை மட்டும் கணித்து, எல்லாச் சுழிகளையும் மாதிரியுருவிடம் ஒப்படைத்துவிடும் முறை. 1970களில் பரவிய கே-எப்சிலன், 1994இல் மென்டர் வெளியிட்ட எஸ்.எஸ்.டி. ஆகியவை இதில் அடங்கும். மற்றது எல்.ஈ.எஸ்.; 1963இல் வானிலைக்காக ஸ்மகொரின்ஸ்கி தொடங்கியது. பெரிய சுழிகளை நேரே கணித்து, கண்ணில் தப்பும் சிறியவற்றை மட்டும் மதிப்பிடும்.

இந்த வேறுபாட்டைத் தவறவிட்டவர்கள்தான் “வலையைச் சிறிதாக்கு” என்ற ஒரே மருந்தை எல்லா நோய்க்கும் எழுதுகிறார்கள். ரான்ஸில் வலையை எவ்வளவு சிறிதாக்கினாலும் புதிய சுழிகள் தோன்றப்போவதில்லை. அந்த மாதிரியுரு தரக்கூடிய விடையை மட்டும் இன்னும் துல்லியமாகப் பெறுவோம். மாதிரியுரு பிழையானால், துல்லியமான பிழை கிடைக்கும். எல்.ஈ.எஸ்ஸில் நிலைமை வேறு. எதைப் பிடிப்பது, எதை மதிப்பிடுவது என்று பிரிப்பதே கண்ணின் அளவுதான். வலையை மாற்றினால் மாதிரியுருவின் வேலையும் மாறிவிடுகிறது.

சுவரோரத்தில்

சிறுவனாக இருந்தபோது தோட்டத்துச் சீமெந்து வாய்க்காலில் வேப்பம்பூ விட்டு விளையாடுவோம். நடுவில் விட்ட பூ கண்மூடித் திறப்பதற்குள் மதகைத் தாண்டிவிடும். ஓரத்தில் விட்டது தயங்கும், தன்னைத் தானே சுற்றும், பாசியில் தொட்டு நின்றுவிடும். ஒரே வாய்க்கால், ஒரே நீர். இரண்டு பூக்களுக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை. பட்டம் ஏற்றியவர்களுக்கும் இது தெரியும். தரையோரம் தத்தளிக்கும் பட்டம் பனைக்கு மேலே போனதும் காற்றுப் பிடித்து நிற்கும்.

சுவரைத் தொடும் பாயி சுவரோடு ஒட்டி நின்றுவிடுகிறது. அங்கே வேகம் பூச்சியம். அந்தப் பூச்சியத்திலிருந்து முழு வேகம் வரை ஏறும் மெல்லிய பகுதிக்கு எல்லைப்படை என்று பெயர். 1904இல் பிரான்டில் இதை விளக்கினார். உராய்வு, வெப்பம் கடத்தல், ஓட்டம் சுவரைவிட்டுப் பிரியும் இடம் எல்லாவற்றையும் இந்த மெல்லிய படைதான் தீர்மானிக்கிறது.

எவ்வளவு மெல்லியது? செக்கனுக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று வழவழப்பான ஒரு தட்டையை உராய்ந்து 1 மீட்டர் ஓடியபின் என்ன நிலை என்று கணக்குப் பார்ப்போம். சுவரை ஒட்டிப் பிசுக்குமையே ஆளும் மிக அடியிலுள்ள படையை நேரே கணிக்க வேண்டுமானால், முதற் கண்ணின் நடுப்புள்ளி சுவரிலிருந்து ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். நாம் எழுதும் கடதாசியின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தூரத்தை 1 என்று வைத்து மற்றத் தூரங்களை அளக்கும் அலகுதான் வை பிளஸ்.

எல்லோராலும் இவ்வளவு சிறிய கண் போட முடியாது. அதனால் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். சுவரோர வேகம் எப்படி ஏறும் என்பதற்குப் பரிசோதனைகளில் கண்ட ஒரு விதி உண்டு. முதற் கண்ணை வை பிளஸ் 30க்கு மேல், வழமையாக 300க்குள், வைத்துவிட்டு அதற்குக் கீழே நடப்பதை அந்த விதியிடம் விட்டுவிடலாம். நம் உதாரணத்தில் அது 1 மில்லிமீட்டரில் தொடங்கும். இதற்குச் சுவர்ச் சார்பு என்று பெயர். ஆக, 1க்கு அருகில் வைத்து எல்லாவற்றையும் கணிப்பது ஒரு வழி, 30க்கு மேல் வைத்து விதியை நம்புவது மற்றொரு வழி. 5க்கும் 30க்கும் நடுவிலே எந்த விதியும் ஒழுங்காகப் பொருந்தாத ஓர் இடைவெளி உண்டு.

நான் வேலை பழகிய காலத்தில் ஒரு பம்பியின் உட்குழாயைக் கணித்தேன். அமுக்க இழப்பு அளவீட்டோடு சேரவே இல்லை. மூன்று கிழமையாக மாதிரியுருவை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை தந்தது. கடைசியில்தான் முதற் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். வை பிளஸ் 12. முதலில் 40இல் இருந்ததை நானே “நன்றாக வரட்டும்” என்று சிறிதாக்கி, பழைய சுவர்ச் சார்பை மாற்றாமல் அந்த இடைவெளிக்குள் கொண்டுபோய் விட்டிருந்தேன். வலை சிறிதானதால் விடை கெட்டது. இன்றைய மென்பொருள்கள் பல இந்த இடைவெளியை ஓரளவு இட்டு நிரப்பிக்கொள்கின்றன. ஆனாலும் முதற் கண் எங்கே நிற்கிறது என்று பாராமல் மாதிரியுருவைக் குறை சொல்லக் கூடாது.

சுருக்கமாக: எந்த மாதிரியுருவைத் தேர்ந்தாலும் அது சுவரோர வலையிடம் ஒரு குறிப்பிட்ட தூரத்தைக் கேட்கிறது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் மாதிரியுரு வேலை செய்யாது.

வேலிப் பொட்டும் கோணிய கண்ணும்

வலையின் தரம் என்றால் கண்ணின் அளவு மட்டுமல்ல, வடிவமும்தான். இரண்டு வீட்டு முற்றங்களுக்கு நடுவே வேலி, வேலியின் மையத்தில் பொட்டு. இந்த முற்றத்து நடுவிலிருந்து அந்த முற்றத்து நடுவுக்கு நேரே நடந்தால் வேலியைச் செங்குத்தாகச் சந்தித்துப் பொட்டினூடாகவே போவோம். கணினியும் இரு கண்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோட்டை வைத்தே இடைச் சுவரூடாக என்ன போகிறது என்று கணிக்கிறது. வேலி சாய்வாக இருந்தால் கோடு அதைச் செங்குத்தாகச் சந்திக்காது, இது செங்குத்தின்மை. கோடு வேலியின் மையத்தில் படாமல் மூலையில் பட்டால் அது கோணல். இரண்டுக்கும் திருத்தம் போடலாம். ஆனால் கோணம் கூடக்கூடத் திருத்தமே கணக்கைக் குலைக்கத் தொடங்கும். ஓபன்ஃபோம் என்ற கட்டற்ற மென்பொருளின் சோதனைக் கட்டளை, செங்குத்தின்மை 70 பாகையைத் தாண்டினால் எச்சரிக்கும்.

இன்னொன்று, சிறிய கண்ணுக்குப் பக்கத்தில் திடீரென்று பெரிய கண் வரக் கூடாது. சுவரோரத்தில் ஒவ்வொரு படையும் முந்தியதைவிடச் சுமார் 1.2 மடங்கு தடித்துப் போகலாம் என்பது பலரும் பின்பற்றும் அளவு. நீண்டு மெலிந்த கண்களைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுவார்கள். சுவருக்கு இணையாக ஓட்டம் போகும் இடத்தில் அவை நல்லவையே. குறுக்கே ஓட்டம் வரும் இடத்தில்தான் தொல்லை.

கண் கேட்காமல் சேர்க்கும் பிசுக்குமை

இப்போது அவளுடைய கேள்விக்கு வரலாம்.

பத்துக் குடங்களை வரிசையாக வையுங்கள். முதற் குடத்தில் நீலம் கரைத்த நீர், மற்றவற்றில் தெளிந்த நீர். முதற் குடத்து நீரில் பாதியை இரண்டாவதற்கு ஊற்றிக் கலக்குங்கள். அதில் கொஞ்சத்தை மூன்றாவதற்கு. இப்படியே கடைசி வரை. முன்பு நீலத்துக்கும் தெளிவுக்கும் நடுவே இருந்த கூரிய எல்லை கரைந்து, படிப்படியாக வெளிறிய நீலம் மட்டும் மிஞ்சும். சாயம் தானாகப் பரவவில்லை. குடம் குடமாக ஒரே நிறம் என்று நாம் கணக்கு வைத்த முறைதான் அதைப் பரப்பியது.

கணினி வலையிலும் இதுவே நடக்கிறது. கண்ணுக்கு ஒரே பெறுமானம் என்பதால், ஒன்றிலிருந்து மற்றதற்குக் கைமாறும்போது கூரிய வேக வேறுபாடுகள் மழுங்கிவிடுகின்றன. இதை எண்சார் பரவல் என்பார்கள். கண் பெரிதானால், ஓட்டத்துக்குச் சரிவாகக் கிடந்தால், எளிமையான கணிப்பு முறையைப் பயன்படுத்தினால், இது கூடும். இந்த மழுங்கல் பாயிக்குப் பிசுக்குமை கூடியதைப் போன்றே தோற்றமளிக்கும். மாதிரியுரு வேண்டுமென்று சேர்ப்பது சுழிப் பிசுக்குமை. வலை நம்மைக் கேட்காமல் சேர்ப்பது எண்சார் பரவல். விடையைப் பார்த்து இது எதன் வேலை என்று சொல்ல முடியாது. வலைத் தரத்தையும் மாதிரியுருவின் துல்லியத்தையும் தனித்தனியே பேச முடியாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அவளுடைய கட்டடத்தில் நடந்ததைப் பாருங்கள். காற்று கட்டடத்தைத் தாண்டியதும் பின்னால் ஒரு சுழல் பகுதி உண்டாகும். உண்மையில் அங்கே சுழிகள் இடமும் வலமும் மாறி மாறிக் கழன்று காற்றைப் பலமாகக் கலக்கும். அந்தக் கலக்கல் சுழல் பகுதியைக் குறுக்கிவைக்கும். அவள் பயன்படுத்தியது ரான்ஸ். காலத்தோடு மாறாத சராசரியை மட்டும் பார்க்கும் ரான்ஸ் கணிப்பில் அந்த ஆட்டம் இல்லை. அதனால் கட்டடத்துக்குப் பின்னாலுள்ள பகுதியை அது நீட்டிக் காட்டும். இது பலரும் கண்ட குறை. அவளுடைய பெரிய கண் வலையோ போலிப் பிசுக்குமையைச் சேர்த்து அதே பகுதியைக் குறுக்கியிருந்தது. ஒன்று நீட்டியது, மற்றது குறுக்கியது, இரண்டும் சேர்ந்து பரிசோதனையோடு பொருந்தின.

ஐந்து நிமிடம் பிந்தி ஓடும் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, ஐந்து நிமிடம் பிந்தி வந்த பஸ்ஸைப் பார்த்து “நேரத்துக்கு வந்துவிட்டது” என்று சொல்வது போன்றது இது. மணிக்கூட்டைத் திருத்தியதும் பஸ் பிந்தியது தெரிகிறது. அவள் வலையைச் சிறிதாக்கியபோது மணிக்கூட்டைத் திருத்தினாள்.

அவளுடைய முகம் அந்த இடத்தில்தான் தெளிந்தது.

பிறகு என்ன செய்வது?

எச்சம் குறைந்துவிட்டால் கணிப்பு சரி என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. எச்சம் என்பது ஒவ்வொரு கண்ணிலும் வரவும் செலவும் இன்னும் எவ்வளவு ஒத்துப்போகவில்லை என்ற அளவு. கணக்குப் புத்தகத்தில் இரு பக்கமும் ஒத்துப்போகலாம். எழுதிய தொகைகள் உண்மையா என்பது வேறு கேள்வி.

வலையின் பிழையை மாதிரியுருவின் பிழையிலிருந்து பிரிக்க ஒரு வழி உண்டு. மாதிரியுருவைத் தொடாமல், ஒரே ஓட்டத்தை மூன்று வலைகளில் கணிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணின் பக்கத்தை 1.3 மடங்காவது சிறிதாக்கினால் போதும். பாதியாக்கினால் கண்களின் எண்ணிக்கை 8 மடங்காகி மடிக்கணினி மூச்சுத் திணறும். ஒரு முக்கியமான அளவை, அவளுக்கானால் சுழல் பகுதியின் நீளத்தை, மூன்றிலும் குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றம் படிப்படியாகக் குறைந்தால், கண் முடிவில்லாமல் சிறிதானால் விடை எங்கே போய் நிற்கும் என்று மதிப்பிடலாம். சுழிச் சங்கிலியைச் சொன்ன அதே ரிச்சட்சன் 1911இல் தந்த முறை அது. அந்த மதிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையே எஞ்சும் வித்தியாசத்தில்தான் மாதிரியுருவின் குறையைத் தேடலாம். மாதிரியுருவைப் பற்றிப் பேச அதன் பிறகுதான் நமக்கு உரிமை வருகிறது.

இரண்டு கிழமை கழித்துப் பொட்டினூடாக மீண்டும் வந்தாள். மூன்று வலைகள், மூன்று நீளங்கள். மூன்றாவது புள்ளி இரண்டாவதிலிருந்து அசைந்ததே தெரியவில்லை. மூன்றும் பரிசோதனைக் கோட்டிலிருந்து விலகியே நின்றன. முன்பு பொருந்திய பழைய பெரிய கண் வலையின் விடையை அவள் அழித்துவிடவில்லை. அதே வரைபில் வெற்று வட்டமாகப் போட்டு, அது ஏன் பொருந்தியது என்று கீழே ஒரு பந்தி எழுதியிருந்தாள்.